நாவலர் பிரசங்கமும் நமது அரசியலமைப்பும்

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். அன்று அவருக்கு வயது இருபத்தைந்து. நாவலர் என்னும் பட்டமும் அவரை இன்னும் வந்தடையவில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் படிப்பித்துக்கொண்டும், அவருடைய விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றுகொண்டும் இருந்தவர், வெள்ளிதோறும் கோயிலில் நின்று சைவத்தை எடுத்துரைக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் பாடசாலை வந்தது. 1849 இல் அச்சியந்திரம் வந்தது. 1854 இல், மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாகச் ‘சைவதூஷணபரிகாரம்’ வெளிவந்தது. மறுபக்கத்தில் அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் 1841 முதல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையை நடத்தி வந்தனர். இரு திறத்தாரும் பேசினர், எழுதினர், அச்சிட்டனர், அச்சிட்டதை வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்தனர். மற்றவர் சமயத்தைக் குறை கூறுவதில் எவரும் தயவுதாட்சணியம் பார்த்ததாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளும் பத்திரிகைகளும், ஏன், எமது உரைநடையுங்கூடப் பெரும்பாலும் இந்த வாதப் பிரதிவாதத்தின் பிள்ளைகளே. ஆகவே ஒரு கேள்வி எழுகின்றது. நாவலர் செய்ததை, அல்லது அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் செய்ததை, இன்று ஒருவர் செய்வாராயின், அவரை எமது அரசியலமைப்பின் எந்த ஏற்பாடு காக்கும்?

புதிய அரசியலமைப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எம்மவரிடையே சமய உரிமை பற்றிய விவாதம் ஒன்பதாம் உறுப்புரையோடு தொடங்கி அதனோடேயே முடிந்துவிடுவது வழக்கம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கும் உறுப்புரை அது. அதைப்பற்றிப் பேசவேண்டியது உண்டு, பின்னர் வருவேன். ஆயின் மேற்குறித்த கேள்விக்கு விடை அங்கு இல்லை. பத்தாம், பதினான்காம், பதினாறாம், எண்பதாம் உறுப்புரைகளிலே அது சிதறிக் கிடக்கின்றது. எங்கள் மாணவர்கள் குடியியற் பாடத்தில் இவற்றின் இலக்கங்களை மனனஞ் செய்கின்றார்கள். இலக்கங்களுக்கு இடையேயுள்ள உறவை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை, சிந்தனைச் சுதந்திரத்தையும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் ஆளொவ்வொருவருக்கும் உரியதாக்குகின்றது. தாம் விரும்பும் மதத்தையோ நம்பிக்கையையோ உடையவராயிருக்கவும், அதனை மேற்கொள்ளவும் உள்ள உரிமையும் அதில் அடங்கும். இவ்வுரிமைக்கு அரசியலமைப்பு எந்த மட்டுப்பாட்டையும் விதிக்கவில்லை. அதை மாற்றுவதாயின் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் வேண்டும், மக்கள் தீர்ப்பும் வேண்டும். ஒன்பதாம் உறுப்புரைக்கு எவ்வளவு காவலோ அவ்வளவு காவல் இதற்கும் உண்டு என்பதை எம்மவரிற் பலர் கவனிப்பதில்லை.

அடுத்து, 14(1)(உ) என்னும் பிரிவு. மனத்திலுள்ள மதத்தை வெளியே காட்டும் உரிமை இது. தனித்தோ பிறருடன் சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ, வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் சாதனையாலும் போதனையாலும் ஒருவர் தம் மதத்தை வெளிப்படுத்தலாம். ஆயின் இது ஆட்கள் எல்லோருக்கும் உரியதன்று, பிரசைகளுக்கே உரியது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் என்ற பல காரணங்களால் இதனைச் சட்டம் கட்டுப்படுத்தலாம். சட்டம் என்ற சொல்லுக்குள் அவசரகால ஒழுங்குவிதிகளும் அடங்கும். இதை மாற்ற மக்கள் தீர்ப்பும் வேண்டியதில்லை. கோயிலமைப்பை உவமையாகச் சொன்னால், நம்பிக்கை கருவறையிலே பூட்டிப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றது. உற்சவம் செல்லும் வீதிக்கு அத்தகைய காவல் இல்லை.

பிரசைகளுக்கே உரியது என்றதன் பொருளை மலையகத் தமிழர் நன்கறிவர். 1978 இல் அவர்களுள் பல்லாயிரவர் எந்த நாட்டுப் பிரசையும் அல்லாதவராய் இருந்தனர். அத்தகையோர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மட்டும் இவ்வுரிமைகளை அனுபவிக்கலாம் என்று 14(2) கூறிற்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலிற் பொங்கலிடும் உரிமைக்குக் காலக்கெடு வைத்த அரசியலமைப்பு உலகில் வேறு உண்டோ என்று நான் வியந்ததுண்டு.

இனி, ‘வழிபாடு, அனுட்டானம், சாதனை, போதனை’ என்ற நான்கு சொற்களைப் பாருங்கள். ஐந்தாவது சொல்லொன்று இங்கில்லை. ‘பரப்புதல்’ என்பதே அது.

இந்தச் சொல் இல்லாமையின் விளைவு 2003 இல் வெளிப்பட்டது. திருச்சிலுவைக் கன்னியர் என்று எம்மவர் அறிந்த மென்சிங்கன் சபையாரைக் கூட்டிணைப்பதற்கான தனி அங்கத்தவர் சட்டமூலம் ஒன்று உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. பாடசாலைகளிலும் நோயாளர் பராமரிப்பிலும் நெடுங்காலம் உழைத்து வந்த சபை அது. மதத்தைப் பரப்புவதும், கல்வி மருத்துவ உதவிகளை வழங்குவதும் அச்சபையின் நோக்கங்களாக ஒருங்கே கூறப்பட்டிருந்தன. இவ்விரண்டும் சேருமிடத்து உதவி பெறுவோரின் மனச்சாட்சிச் சுதந்திரம் பாதிக்கப்படும் என்றும், மதத்தைப் பரப்பும் உரிமையை எமது அரசியலமைப்பு அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை என்றும், சட்டமூலம் ஒன்பதாம் உறுப்புரைக்கும் முரணானது என்றும் நீதிமன்றம் தீர்மானித்தது. கன்னியர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கு முறையிட்டனர். அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என 2005 இல் அக்குழு கண்டது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே, வேறொரு வழக்கில், அக்குழுவுக்கு முறையிடும் வழியை ஏற்ற அரசாங்கத்தின் செயல் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று எமது உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. குழுவின் கருத்து ஏட்டளவில் நின்றது.

இந்துக்களுள் ஒரு சாரார் 2003 ஆம் ஆண்டுத் தீர்மானத்தை உவந்து வரவேற்றனர். அவர்களது மனக்குறை காரணமற்றதன்று. போரினால் நொந்த கிராமங்களில், அரிசி மூட்டையோடு வேதாகமமும் வந்தது என்ற முறைப்பாட்டை நானும் பலர் வாயாற் கேட்டிருக்கின்றேன். வறுமையை வாய்ப்பாக்கி ஒருவரின் நம்பிக்கையை விலைக்கு வாங்குவதை எந்தச் சமயத்தவரும் நியாயப்படுத்த முடியாது. எனினும் ஏமாற்றும் வற்புறுத்தலும் வேறு, எடுத்துரைத்தல் வேறு. முன்னதைத் தடுப்பதற்காகப் பின்னதின் காவலை எடுத்துவிட்டால், அந்தக் காவல் எமக்கும் இல்லாமற் போகின்றது. நாவலர் தம் அச்சுக்கூடத்தில் அடித்த துண்டுப்பிரசுரம் என்ன? அது போதனையா, பரப்புதலா? பாடசாலையும் பிரசங்கமும் அச்சுக்கூடமும் ஒருங்கே நடத்திய ஒருவர் இன்று தம் நிறுவனத்தைக் கூட்டிணைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தால், கன்னியருக்குச் சொன்ன நியாயம் அவருக்கும் பொருந்தாதா?

2004 ஆம் ஆண்டிலே ஜாதிக ஹெல உறுமய இரு சட்டமூலங்களைக் கொண்டு வந்தது. ஒன்று, பௌத்தத்தை அரச மதமாக்கும் அரசியலமைப்புத் திருத்தம். பௌத்தர் தம் பிள்ளைகளைப் பௌத்தராகவே வளர்க்கக் கடமைப்பட்டவர் என்ற வாசகமும் அதில் இருந்தது. மற்றையது பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்வது. முதலாவதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டும் என்றும், இரண்டாவதன் சில வாசகங்கள் பத்தாம் உறுப்புரையோடு முரணுவதால் அவற்றுக்கும் மக்கள் தீர்ப்பு வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் கூறியது. இரண்டும் சட்டமாகவில்லை. இரண்டாவது சட்டமூலத்தை ஆதரித்த இந்து அன்பர்கள் ‘ஆசை காட்டுதல்’ என்பதற்கு அங்கு கொடுக்கப்பட்டிருந்த பொருள்விளக்கத்தை ஆற அமர இருந்து வாசித்திருந்தால் நன்று. பொருளாகவோ பணமாகவோ கொடுக்கும் கொடையெல்லாம் அந்த வலைக்குள் விழும். எமது அன்னதான மடங்களும் ஒருநாள் பொலிசாரின் கண்ணுக்கு வேறுவிதமாகத் தோன்றக்கூடும்.

பாரத நாட்டிலே இதே சொல்லைப் பற்றி 1948 டிசெம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதித்தது. ‘பரப்புதல்’ என்ற சொல்லை நீக்கவேண்டும் என்று சிலர் கூறினர். சென்னையைச் சேர்ந்த ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களிற் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றும் எடுத்துக்காட்டி, அச்சொல் இருக்கவேண்டும் என்ற பக்கத்தில் நின்றார். சொல் நின்றது. பின்னர் 1977 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது மற்றொருவரை மதம் மாற்றும் உரிமை அன்று என்று அதன் எல்லையைக் குறுக்கிற்று. அந்தத் தீர்ப்பை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். ஆனால் அங்கே ஒரு சொல் இருந்தது. அதன் எல்லையைப் பற்றி வழக்காட முடிந்தது. இங்கே வழக்காடுவதற்குச் சொல்லே இல்லை.

மதத்தைப் பற்றிப் பேசுதலும் பேச்சுத்தானே, பேச்சுச் சுதந்திரத்தைத் தரும் 14(1)(அ) அதனைக் காக்காதா என்று நுண்ணறிவுள்ள மாணவன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். பேச்சு, கருத்து வெளிப்பாடு, வெளியீடு என்பவற்றை அந்தப் பிரிவு உரிமையாக்குகின்றது. எமது உயர் நீதிமன்றம் அதனைச் சில வேளைகளில் மிக விரிவாகவே பொருள்கொண்டுள்ளது. சுவரொட்டிக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால விதியொன்று செல்லாது என 1987 இல் கூறிற்று. 1992 இல் எதிர்க்கட்சிகள் நடத்திய ‘ஜன கோஷ’ என்னும் இயக்கத்தில் மக்கள் மணியடித்தும், மேளங்கொட்டியும், சட்டி பானைகளைத் தட்டியும் அரசாங்கத்தின் மீதுள்ள வெறுப்பைக் காட்டினர். அவ்வோசையும் கருத்து வெளிப்பாடே என்று 1993 இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். மேளத்துக்கும் பேச்சுரிமை உண்டு என்று சொன்ன அத்தீர்ப்பு எங்கள் மாணவர்களுக்கு எப்போதும் பிடித்தமானது.

ஆயினும் பேச்சுச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பு அனுமதிக்கும் காரணங்களுள், இன, மத இணக்கம் என்பதும் ஒன்று. நல்ல நோக்கந்தான். இந்நாட்டில் மதத்தின் பெயராற் கடை எரிந்ததையும் உயிர் போனதையும் கண்டவர்கள் அதனை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த நோக்கமும் அதனை நடைமுறைப்படுத்துவோர் கையிலே தான் இருக்கின்றது. 2019 ஏப்ரிலில் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர், பௌத்த விகாரையைச் சூழ்ந்த ஒரு சிறுகதைக்காகக் கைதானார். ஏறக்குறைய நான்கு மாதம் மறியலில் இருந்தார். அவர்மீது ஏவப்பட்டது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையை நடைமுறைப்படுத்தப் பிறந்த சட்டம் அது! உரிமையைக் காக்க வந்த சட்டத்தைக் கொண்டே எழுத்தாளனை மறியலில் வைத்த விந்தையை என்னென்பது.

அடுத்த ஆண்டு, 2020 மே மாதத்தில், புத்தளத்தில் ஆசிரியராயிருந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தமக்குரிய தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைப் போதிக்கின்றது என்ற குற்றச்சாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2021 டிசெம்பரிற் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்றரை ஆண்டுகளின் பின் அவர் குற்றமற்றவரானார். ஆனால் சிறையிற் கழிந்த பத்தொன்பது மாதங்களை எந்தத் தீர்ப்பும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. தமிழில் எழுதப்பட்ட ஒரு நூலுக்காகத் தமிழ் ஆசிரியர் ஒருவர் சிறையிருந்தபோது, எமது இலக்கியச் சங்கங்களுட் பேசியவை சில, மௌனமாயிருந்தவை பல.

வழிபாட்டு உரிமையின் கதியும் அதே ஆண்டிலே தெரிந்தது. கொரோனா நோயால் இறந்தோரைத் தகனமே செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரிலில் வர்த்தமானி வெளிவந்தது. அடக்கஞ் செய்தலும் தகும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், முஸ்லிம்களின் உடல்கள், அவர்களுடைய மார்க்கத்துக்கு மாறாக, தீயிலிடப்பட்டன. அதனை எதிர்த்த மனுக்களை விசாரணைக்கு எடுக்க 2020 டிசெம்பர் முதலாந் திகதி உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. 2021 பெப்ரவரியிலேதான் அடக்கத்துக்கு இடமளிக்கப்பட்டது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எமக்குத் தகனம் புனிதம். இந்துக்களின் ஈமக்கிரியையைத் தடுத்து, புதைத்தே ஆகவேண்டும் என்று ஓர் ஆணை வந்திருந்தால் எங்கள் ஊர்கள் எப்படிக் கொதித்திருக்கும்!

உரிமை பட்டியலில் இருக்கின்றது. நீதிமன்றத்தின் வாயிலும் இருக்கின்றது. பின் ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? இங்கே பதினாறாம், எண்பதாம் உறுப்புரைகளைப் பார்க்கவேண்டும். 1978 க்கு முன்னிருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும், செல்லுபடியாகும் என்கின்றது பதினாறு. பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தலாகாது என்கின்றது 80(3). ஒரு பிரசை சட்டமூலத்தை எதிர்க்க விரும்பினால், அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின் குறுகிய காலத்துக்குள் கொழும்புக்குப் போய் மனுச்செய்ய வேண்டும். முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் வர்த்தமானியைத் தேடி எடுத்து, சட்டத்தரணியைக் கண்டு, பணங்கட்டி முடிப்பதற்குள் அக்காலம் போய்விடும். அதன்பின் அச்சட்டம் பத்தாண்டு கழித்து அநீதி செய்தாலும், சட்டமே பிழை என்று சொல்ல வழியில்லை.

முன்னைய சோல்பரி அரசியற்றிட்டத்தில் அடிப்படை உரிமைகளின் பட்டியலே கிடையாது. பேச்சுச் சுதந்திரம் என்ற சொற்கூட அதிலில்லை. ஆனால் 29 ஆம் பிரிவு இருந்தது. எந்த மதத்தின் சுயாதீன அனுட்டானத்தையும் தடுக்கவோ, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ இல்லாத தடையை மற்றொன்றுக்கு விதிக்கவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மீறினால் அச்சட்டம் வெற்றானது. அந்த வாயிலாலேதான் கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். 1964 இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்புக் கவிழ்ந்தது; 1969 இல் கோமறைக் கழகம் வழக்கைத் திருப்பி அனுப்பியது; சட்டத்தின் செல்லுபடி பற்றிய வினா இறுதிவரை தீர்க்கப்படவில்லை. 29 ஆம் பிரிவைத் தெய்வீகமாக்கிப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டங்களுக்கு எதிராக அது 1953 இற் கோமறைக் கழகத்தில் எதுவும் செய்யவில்லை. ஆயினும் ஒரு வாயில் இருந்தது. 1972 இல் அதை மூடிவிட்டு உரிமைப் பட்டியலைத் தந்தார்கள்; 1978 இற் பட்டியல் நீண்டது, வாயில் திறக்கவில்லை.

இனி, ஒன்பதாம் உறுப்புரை. 1971 இல் அரசியல் நிர்ணய சபையில் கலாநிதி கொல்வின் ஆர். த சில்வா கொண்டுவந்த மூலப் பிரேரணையிற் பௌத்தத்துக்கு ‘உரிய இடம்’ என்றே இருந்தது. அது பின்னர் ‘முதன்மை இடம்’ என மாறிற்று. நாடு மதச்சார்பற்றதாய் இருந்து, பௌத்தம், இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய நான்கையும் பேணவேண்டும் என்று தமிழரசுக் கட்சி கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புதிய நகலிலும் இவ்விடத்திலேயே பேனா தயங்குகின்றது. 2016 இல் மக்கள் கருத்தறியும் குழு, லால் விஜேநாயக்கவின் தலைமையில் ஊரூராய்ச் சென்று கேட்டபின்னும், மதம் பற்றி ஒரே முடிவுக்கு வரமுடியாமல் மாற்று யோசனைகள் பலவற்றை முன்வைத்தது. 2017 செப்டெம்பரில் வழிப்படுத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை இரண்டு வாசகங்களை அருகருகே வைத்தது. பௌத்தத்தின் முதன்மை இரண்டிலும் உண்டு. முதலாவது, பத்தாம் உறுப்புரையும் 14(1)(உ) உம் தரும் உரிமைகளை ‘எல்லா மதங்களுக்கும்’ காப்புறுதி செய்கின்றது. இப்போதுள்ள வாசகமும் ஏறத்தாழ இதுவே. இரண்டாவது, எல்லா மதங்களையும் நம்பிக்கைகளையும் கண்ணியத்தோடும் பாரபட்சமின்றியும் நடத்திக்கொண்டு, அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமைகளை ‘எல்லா ஆட்களுக்கும்’ தருகின்றது.

வித்தியாசம் சிறிது போலத் தோன்றும். ஆனால் மதம் நீதிமன்றத்துக்கு நடந்து வரமாட்டாது. மனிதனே வருவான். உரிமை மதத்துக்கென்று எழுதப்பட்டால், அந்த மதத்தின் பெயராற் பேசுவோர் யார் என்ற பிணக்கு முன்னே நிற்கும். சொந்த மதத்துக்குள் மாறுபட்டுப் பேசுபவனுக்கு அங்கே இடமிராது. எங்கள் கோயில்களுட் சாதியின் பெயராற் கதவடைத்தபோது அதனை எதிர்த்தவர்கள், சைவத்துக்கு எதிரானவர்கள் என்றே பழிக்கப்பட்டனர் என்பது மறக்கத்தக்கதன்று. ஆதலால் இரண்டாவது வாசகமே எனக்கு மேலானதாகப் படுகின்றது. பாரபட்சமின்மை என்ற சொல்லும் நம்பிக்கை என்ற சொல்லும் அதில் இருக்கின்றன. மதம் எதுவும் இல்லாதவனுக்கும் அதில் நிழலுண்டு.

முன்னர் 2000 ஓகஸ்டிற் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசியலமைப்புச் சட்டமூலம், வாய்மொழியாலும் எழுத்தாலும் அச்சாலும் கலையாலும் கருத்தைத் தேடிப் பெறவும் வழங்கவும் உள்ள உரிமையை விரித்துக் கூறிற்று. அதன் பிரதிகள் சபைக்குள்ளேயே எரிக்கப்பட்டன. 2016 இல் ஆரம்பித்த முயற்சி 2019 ஜனவரியில் நிபுணர்களின் நகலோடு நின்றது. நிறைவேறிய ஒன்றும் உண்டு: 2015 இல் பத்தொன்பதாந் திருத்தத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமை 14அ என்னும் உறுப்புரையாய்ச் சேர்ந்தது, அடுத்த ஆண்டில் அதற்கான சட்டமும் வந்தது. இன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தபாலட்டையளவு கடிதத்தில் பிரதேச சபையிடம் கணக்குக் கேட்கின்றார். மறுபக்கத்தில், 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தும் கூற்றுகளையும் குற்றங்களோடு சேர்த்தது.

2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற தேசிய மக்கள் சக்தி, 2015 இல் தொடங்கிய அரசியலமைப்புப் பணியை முடித்துப் புதிய அரசியலமைப்பைத் தருவதாகத் தன் விஞ்ஞாபனத்திற் கூறியிருந்தது. நகல் மேசைக்கு வரும் நாளில் எம் சங்கங்களும் சபைகளும் ஒன்பதாம் உறுப்புரையோடு நின்றுவிடாமல், ‘போதனை’ என்ற சொல்லுக்குப் பக்கத்திற் ‘பரப்புதல்’ என்ற சொல் உண்டா, பதினாறாம் உறுப்புரை போய்விட்டதா, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்திற் கேள்வி கேட்கும் வாயில் திறந்திருக்கின்றதா என்ற மூன்றையும் முதலிற் புரட்டிப் பார்ப்பார்களாக. சமயச் சங்கத்தார் இந்த முதலாவது சொல்லைக் கேட்கத் தயங்குவார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களோடு இதைப் பற்றி வாதாட ஆயத்தமாயிருக்கின்றேன்.